பெண்ணாடத்துக் கட்சியைப் போலீஸ் கோப்பில் தேடாதீர்கள்

கடலூர் மாவட்டத்துத் தீவிர இடதுசாரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே கதைதான் காதில் விழுகிறது. 1970இல் பெண்ணாடம் பக்கம் ஒரு தோப்பில் குண்டு செய்தபோது அது வெடித்துச் செத்தார்கள். 1987 மார்ச்சில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்துக்கு வெடி வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளைக்குப் போய் அடிபட்டே செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கொரு கட்சியாக உடைந்தார்கள். தேர்தலில் நின்றவர்களுக்கு டெபாசிட் தேறவில்லை. ஆலை வந்தால் எதிர்ப்பார்கள், கொடி ஏறினால் ஆலை மூடும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை வாசல் டீக்கடையிலும் சொல்கிறார்கள், படித்தவர்கள் கூடும் கருத்தரங்கிலும் சொல்கிறார்கள். வெற்றிமாறனின் 'விடுதலை' படங்கள் வந்த பிறகு அனுதாபத்தோடு சொல்கிறார்கள். கதை மட்டும் மாறவில்லை.

இதில் வரும் சம்பவங்கள் நடந்தவை. அவற்றை நான் மறுக்கவில்லை. வெடித்ததையும் சுட்டதையும் மட்டும் பொறுக்கி எடுத்து, இதுதான் வரலாறு என்று சொல்வதை மறுக்கிறேன். முதல் தகவல் அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கிவிட்டால் அது ஒரு கட்சியின் வரலாறு ஆகிவிடாது. அந்த அறிக்கையை எழுதியவர் அந்தச் சண்டையில் ஒரு தரப்பு.

புலவர் கலியபெருமாளிடமிருந்து தொடங்குவோம். 1924இல் பிறந்தவர், பெண்ணாடத்தை அடுத்த சௌந்தரசோழபுரத்துக்காரர், தமிழாசிரியர். திராவிடர் கழக ஈர்ப்பில் தொடங்கிப் பொதுவுடைமைக் கட்சிக்கு வந்து, பிறகு மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தவர். அவரைத் தலைவராக்கியது பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலையும் அதைச் சுற்றியிருந்த கரும்புக் கொல்லைகளும்தான். ஆலைக்குள் வேலை செய்தவன், வெளியே கரும்பு வெட்டியவன், வெட்டிய கரும்புக்குப் பணம் வராமல் காத்துக் கிடந்த சிறு விவசாயி என்று மூன்று தரப்புக்கும் நடுவே அவர் வேலை செய்தார். இந்த வேலை எந்தப் போலீஸ் கோப்பிலும் இருக்காது. கூலி உயர்வு கேட்டுக் களத்துமேட்டில் உட்கார்ந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்தக் காலத்தின் தென்னார்க்காட்டையும் கீழைத் தஞ்சையையும் மறந்துவிட்டு இந்தக் கட்சியைப் பற்றிப் பேசுகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு எழுதப்பட்டது. வெண்மணி எரிந்த நான்காவது மாதம், 1969 ஏப்ரல் 22 அன்று, இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மார்க்சிய-லெனினிய), சுருக்கமாக மா-லெ, உருவானது. கோயம்புத்தூர்த் தோழர் அப்புவும் பெண்ணாடத்து வாத்தியார் கலியபெருமாளும் அதன் பக்கம் போனார்கள். சட்டமும் நீதிமன்றமும் எல்லோருக்கும் திறந்திருந்த நாட்டில் சில கிறுக்கர்கள் துப்பாக்கி எடுத்தார்கள் என்று இதைச் சொல்வது, வெண்மணிச் சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டுச் சொல்லும் பொய்.

பெண்ணாடம் வட்டாரத்தில் அவர்கள் முதலில் எடுத்தது அறுவடை இயக்கம். நிலக்கிழார் வயலில் விளைந்ததைக் கூலி ஆட்கள் கூட்டமாக இறங்கி அறுத்துப் பங்கிட்டுக்கொள்வது. சட்டப்படி குற்றம்தான். ஆனால் அதில் ஊர் இறங்கியது. பெண்கள் அரிவாளோடு இறங்கினார்கள். பட்டப்பகலில் நடந்தது. தலைமுறைகளாகத் தலை நிமிராதவர்கள் ஆண்டையின் வயலில் அவர் சொல்லாமல் கால் வைத்தார்கள்.

இதற்கு நேர்மாறானது அதன் கூடவே வந்த அழித்தொழிப்பு, அதாவது வர்க்க எதிரிகளை மறைந்திருந்து கொல்வது. கட்சித் தலைவர் சாரு மஜும்தார் சொன்ன அந்த வழி, பகலில் ஊரோடு நடந்த அரசியலை இரவில் நாலைந்து பேர் கையில் ஒப்படைத்தது. தோப்பில் குண்டு வெடித்து கணேசன், காணியப்பன், சர்புதீன் என்ற மூன்று இளைஞர்கள் செத்தபோது செத்தது அவர்கள் மட்டுமில்லை, அறுவடை இயக்கமும்தான். அதன் பிறகு போலீசுக்கு வேலை சுலபமானது. கலியபெருமாளுக்கும் மகன் வள்ளுவனுக்கும் தூக்குத் தண்டனை. குடும்பமே சிறைக்குப் போனது. தூக்கு பின்னர் ஆயுள் தண்டனையாகி, 1983இல்தான் அவர் வெளியே வந்தார். 'மக்கள் துணையோடு மரணத்தை வென்றேன்' என்று தன் வரலாற்றுக்குப் பெயர் வைத்தார். தலைப்பிலேயே மக்களை முன்னால் வைத்த மனிதர் அவர். மக்கள் துணை இருந்த பக்கம் எது, அது நழுவிய பக்கம் எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே வெடிச்சத்தமாக்கிவிடுவது ஆய்வு ஆகாது.

மருதையாறு பற்றியும் சொல்லியாக வேண்டும். 1987 மார்ச் 15 அன்று ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ் அந்தப் பாலத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்கள் மிராசுதார்கள் இல்லை, போலீஸ்காரர்கள் இல்லை. டிக்கெட் எடுத்து ஊருக்குப் போன ஜனங்கள். முன்கூட்டியே எச்சரித்தோம் என்று ஆதரவாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். செத்தவர் வீட்டில் போய்ச் சொல்ல முடியாத பதிலை மேடையிலும் சொல்லக் கூடாது. அது குற்றம். எந்த இலட்சியமும் அதைக் கழுவாது. ஆனால் இந்த ஒன்றை வைத்து முந்தைய பதினெட்டு ஆண்டுகளையும் தீர்த்துவிடலாம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: வெண்மணியை வைத்து மிராசுதார்களின் வரலாற்றை அப்படித் தீர்த்தீர்களா? அவர்கள் கட்டிய கல்லூரியையும் கோயில் திருப்பணியையும் தனியே எடுத்துப் பாராட்டத்தானே செய்கிறீர்கள்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சிறையிலிருந்து வந்த கலியபெருமாளும், கோவையில் பொறியியல் படிப்பை விட்டுவிட்டுக் கட்சிக்கு வந்த தமிழரசனும் 1984இல் பெண்ணாடத்தில் ஒரு மாநாடு கூட்டினார்கள். மற்ற மா-லெ குழுக்களிலிருந்து விலகித் தமிழ்நாட்டுக்கென்று தனிக் கட்சி கண்டார்கள். தமிழ்நாடு விடுதலைப் படை அதன் ஆயுதப் பிரிவு. இன்று அந்தப் படையின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். 2000இல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன் அந்தப் படையினரை விடுவிக்கச் சொன்னதாலும், 2002இல் பொடா சட்டத்தில் அது தடை செய்யப்பட்டதாலும் தெரியும். படைக்கு முன்னால் ஒரு கட்சி இருந்ததும், அந்தக் கட்சி ஓர் ஆவணம் எழுதியதும் தெரியாது.

1985இல் எழுதப்பட்ட அந்த ஆவணத்தை மீன்சுருட்டி அறிக்கை என்கிறார்கள். சாதிதான் அதன் பொருள். அன்று இந்திய இடதுசாரிகளில் பெரும்பாலோர், சாதி என்பது மேல்கட்டுமானம், உற்பத்தி முறை மாறினால் தானே உதிரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மீன்சுருட்டி அறிக்கை இதைத் தலைகீழாக்கியது. இங்கே நிலம் யார் கையில் இருக்கிறது, யார் யாரிடம் கூலிக்கு நிற்கிறார், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார முடியாது என்பதெல்லாம் சாதியால் கட்டப்பட்டிருக்கின்றன. அதை உடைக்காமல் உழைப்பவர்களை ஒன்றுசேர்க்க முடியாது, தமிழ்த் தேசமும் உருவாகாது. இதுதான் அதன் வாதம். ஊரிலும் சேரியிலும் சேர்ந்து வேலை செய்தவர்கள் எழுதியது என்பதால் அதற்கு எடை அதிகம். மண்டல் பரிந்துரைகளை அமல்படுத்துவதாக வி.பி. சிங் அறிவிப்பதற்கு ஐந்து ஆண்டு முன்பு, அம்பேத்கர் நூற்றாண்டுக்கு ஆறு ஆண்டு முன்பு, ஒரு தலைமறைவுக் குழு இதை எழுதியது. இன்று எல்லா இடதுசாரிக் கட்சிகளும் சாதி ஒழிப்பு மாநாடு நடத்துகின்றன. நல்லது. அந்தக் கேள்வி எங்கிருந்து புறப்பட்டது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நடத்தலாம்.

அந்த ஆவணம் சரியா தவறா என்பதற்கு 1987 செப்டம்பரே சாட்சி. முதல் தேதி பொன்பரப்பியில் தமிழரசனும் தோழர்கள் நால்வரும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கையில் ஆயுதம் இருந்தும் ஊர்மக்கள் மீது அவர்கள் சுடவில்லை என்றும், கூட்டத்தில் மப்டிப் போலீஸ் இருந்தது என்றும் அன்று முதல் சொல்லப்படுகிறது. பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 17 அன்று, இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கத்தின் ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. வட மாவட்டங்கள் நின்றன. போராட்டத்தில் 21 பேர் உயிர் போனது. கல்வியும் வேலையும் கேட்ட அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மறியலின்போதே சேரிகள் எரிந்தன. கூலி உயர்வுக்காக ஒரே வரப்பில் உட்கார்ந்த வன்னியரும் பறையரும் அதற்குப் பிறகு எதிரெதிரே நின்றார்கள். 1989இல் பாட்டாளி மக்கள் கட்சி வந்தது. சேரிகளில் விடுதலைச் சிறுத்தைகள் எழுந்தார்கள். மீன்சுருட்டி அறிக்கை எச்சரித்தது நடந்தது.

2019 ஏப்ரல் 18. சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்குப்பதிவு நாள். விடுதலைச் சிறுத்தைகளின் சின்னமான பானையை வைத்து எழுந்த தகராறில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. நடந்த ஊர் அதே பொன்பரப்பி. தமிழரசன் விழுந்து முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, அவர் எழுதிய கேள்விக்கு அந்த ஊரே இப்படிப் பதில் சொன்னது. திருமாவளவன் 3219 வாக்குகளில் வென்றார் என்பது தேர்தல் கணக்கு. அந்த வீடுகள் இன்னொரு கணக்கு. வாக்கு வாங்காத கட்சிக்கு வரலாறு இல்லை என்பவர்கள் இரண்டாவது கணக்கைப் பார்ப்பதே இல்லை.

உடைந்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடைந்தார்கள், நிறைய உடைந்தார்கள், சில உடைவுகள் வெறும் ஆள் சண்டை. ஆனால் தேர்தலில் நிற்பதா, புறக்கணிப்பதா? இந்தியப் புரட்சியா, தேசிய இன விடுதலையா? சாதி முதலா, வர்க்கம் முதலா? இவை பதவிச் சண்டை இல்லை. திராவிடக் கட்சிகளும்தான் உடைந்தன. அங்கே உடைந்தால் ஆட்சி மாறியது, ஆகவே அதற்கு வரலாறு என்று பெயர். தேர்தல் பாதைக்கு வந்த மா-லெ லிபரேஷன் கட்சி, தன் முன்னணி அமைப்பின் பெயரில் 1989இல் பீகாரின் ஆரா நாடாளுமன்றத் தொகுதியை வென்றது, 2020இல் அம்மாநிலச் சட்டமன்றத்தில் 12 இடங்களை வென்றது. அதே மரத்துக் கிளைதான்.

கடலூர் மாவட்டத்தில் இன்னொரு கிளை செய்ததைப் பார்ப்போம். சிதம்பரம் நடராசர் கோயில் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட முயன்ற சிவனடியார் ஆறுமுகசாமி 2000இல் தீட்சிதர்களால் தாக்கப்பட்டார். குமுடிமூலையைச் சேர்ந்த எளிய ஓதுவார் அவர். தமிழுக்கு மாநாடு நடத்திய பெரிய கட்சி எதுவும் அவரைத் தேடிப் போகவில்லை. போனவர்கள் மக்கள் கலை இலக்கியக் கழகத்தினரும், அவர்களோடு சேர்ந்து நின்ற மனித உரிமைப் பாதுகாப்பு மையத்து வழக்கறிஞர்களும். மா-லெ இயக்கத்தின் ஒரு பிரிவோடு சேர்ந்து வளர்ந்த, தேர்தலைப் புறக்கணிக்கும், கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட அமைப்பு அது.

நாத்திகனுக்குக் கோயிலில் என்ன வேலை என்று அன்று கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். பாடும் உரிமை பக்தனுடையது. அதை அடித்துப் பறிக்கும்போது பக்கத்தில் நிற்பதற்குப் பக்தி தேவையில்லை. சேரிக்காரன் கோயிலுக்குள் நுழையப் போராடியவர்களில் சாமி கும்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று இந்த மண்ணுக்குத் தெரியும். வருடக்கணக்காக வழக்கு நடந்தது, ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. 2008 பிப்ரவரி 29 அன்று தேவாரம் பாட அனுமதித்து அரசாணை வந்தது. மார்ச் 2ஆம் தேதி எழுபது வயதைக் கடந்த அந்த மனிதர் போலீஸ் பாதுகாப்போடு மேடை ஏறினார். அன்றும் தீட்சிதர்கள் மறித்தார்கள், தள்ளுமுள்ளு நடந்தது. 2009 பிப்ரவரி 2 அன்று, செயல் அலுவலர் நியமனம் செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல, கோயில் நிர்வாகம் அறநிலையத் துறையின் கைக்கு வந்தது. 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி நிர்வாகத்தைத் தீட்சிதர்களிடமே கொடுத்தது. நிர்வாகத்தில் தோற்றார்கள். பாடும் உரிமையில் தோற்கவில்லை. 2022 மே மாதம் கனகசபையில் நின்று தேவாரம் பாடவும் வழிபடவும் அரசு ஆணையிட்டபோது, அந்தக் கதவில் முதலில் கை வைத்தது யார் என்று ஆட்சியில் இருந்தவர்கள் சொல்லவில்லை. டெபாசிட்டை வைத்து எடை போட்டால் இந்த அமைப்பு வெறும் பூஜ்ஜியம், தேர்தலிலேயே நிற்காதவர்கள். சிதம்பரத்தில் அதிகம் வாக்கு வாங்கிய கட்சிகள் அந்த எட்டு ஆண்டுகளில் ஆறுமுகசாமிக்கு என்ன செய்தன?

கடைசியாக, வளர்ச்சிக்கு எதிரி என்ற பட்டம். சிப்காட்டைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் எடுத்து வீசுகிறார்கள். முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். இந்தக் கடற்கரையின் மிகப்பெரிய ஆலை ஒன்று பாதியில் நின்றது. அது நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அதை நிறுத்தியது எந்தச் சிவப்புக் கொடியும் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலும், அதற்குப் பிறகு வந்த பணமுடையும் கடனும்தான். சிப்காட்டின் பெயரைக் கெடுத்ததும் கொடிகள் இல்லை. 2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் இங்கே நிலத்தடி நீரும் உப்பனாறும் காற்றும் எப்படிக் கெட்டிருக்கின்றன என்று எழுதியது. 2004 முதல் கிராமத்தவர்களே பயிற்சி பெற்று, வாளியிலும் பையிலும் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாளில் எந்த ஆலைப் பக்கமிருந்து அழுகிய முட்டை நாற்றம், எந்த நேரத்தில் நெயில் பாலிஷ் வாடை என்று நோட்டில் குறித்தார்கள். மத்திய அரசின் நீரி நிறுவனமே இங்கே புற்றுநோய் அபாயம் பிற இடங்களைவிடக் குறைந்தது 2000 மடங்கு என்றது. 2021 மே 13 அன்று ஒரு பூச்சிக்கொல்லி மருந்து ஆலையில் பாய்லர் பகுதி வெடித்து நான்கு பேர் செத்தார்கள். 2025 மே மாதம் ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து பக்கத்துக் கிராமமான குடிகாட்டின் வீடுகளுக்குள் பாய்ந்தது. வளர்ச்சிக்கு எதிரி யார் என்பதை இந்த வரிசையில் வைத்துப் பேசுங்கள்.

தூத்துக்குடியிலும் இதே பட்டத்தைத்தான் பயன்படுத்தினார்கள். 2018 மே 22 அன்று ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் மீதான துப்பாக்கிச் சூடு முடிந்து பிணங்கள் கிடக்கும்போதே, ஊடுருவிய தீவிரவாதிகள் என்ற பேச்சு கிளம்பியது. அந்த இடதுசாரி மரபைச் சேர்ந்த மக்கள் அதிகாரம் அமைப்பினர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்து 2022இல் அறிக்கை வெளிவந்தபோது, சூட்டுக்குப் பொறுப்பு போலீசின் மேல்தான் விழுந்தது. பெண்ணாடம், பொன்பரப்பி என்ற பெயர்களை முப்பது ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான். தன் கிணற்று நீர் ஏன் மஞ்சளாக வருகிறது என்று கேட்கும் மீனவப் பெண்ணின் மேல் ஒட்டுவதற்கு ஒரு முத்திரை வேண்டும்.

ஆனால் சிப்காட் விஷயத்தில் இந்தக் கட்சிகளின் மேல் எனக்கு ஒரு வழக்கு உண்டு. யாரும் இதுவரை தொடுக்காத வழக்கு. பெண்ணாடத்தில் மாநாடு கூடிய அதே பத்தாண்டில்தான் மாவட்டத்தின் மறுகோடியில், உப்பனாற்றின் கரையில், ரசாயன ஆலைகள் வரிசையாக எழுந்தன. அறிக்கைகளில் எதிரி நிலக்கிழார்தான். அரைநிலப்பிரபுத்துவம் என்ற சொல்லில் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள். நிலமே இல்லாமல், ஆற்றை மட்டும் நம்பிய குடிகாட்டு வலைக்காரர் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. ஆலைக்குள் கான்ட்ராக்டில் போன இளைஞனும் வரவில்லை. நிரந்தர ஆள் தொடாத டேங்கைச் சுத்தம் செய்ய யாரை இறக்குகிறார்கள், அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்ற கேள்வி மீன்சுருட்டி அறிக்கைக்குள் கருவாக இருந்தது. அதை எழுதியவர்கள் ஆலை வாசலுக்கு அதை எடுத்துக்கொண்டு வரவில்லை. அவர்கள் பாலத்துக்குப் போனார்கள், வங்கிக்குப் போனார்கள். வாளியில் காற்றைப் பிடித்துக் காட்டும் வேலையைக் கட்சி இல்லாத ஜனங்கள் செய்தார்கள்.

இந்தக் குற்றத்தை வைத்து அவர்களை விசாரிக்கட்டும். குண்டையும் டெபாசிட்டையும் சொல்லி மூடப்பட்ட விசாரணை செல்லாது. பதில் சொல்ல வேண்டியவர்கள் எங்கும் ஓடிப்போகவில்லை. வேறு வேறு பெயர்களில், இன்னும் சிறிதாகி, விருத்தாசலத்திலும் நெய்வேலியிலும் சிதம்பரத்திலும் கொடி பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், சிப்காட் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு உங்கள் கட்சியில் இடம் எங்கே என்று.